கேட்கும் கருவிக்கு வாசல் எங்கே?

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது எமது முன்னோர் சொல். கேட்கத் தெரிந்தவனுக்கு வழி பிறக்கும் என்பது அதன் பொருள். ஆனால் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்பது தெரிந்திருக்க வேண்டும். அவரிடம் எதைக் கேட்கலாம் என்பதும் விளங்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாய் இருந்து பயனில்லை.

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு இதை எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1990இல் வலிகாமம் வடக்கைவிட்டுப் புறப்பட்டவர்கள், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தங்கிய முஸ்லிம் குடும்பங்கள், 2009இல் வன்னியிலிருந்து செட்டிகுளம் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் என எல்லோரும் காணியை மட்டும் இழக்கவில்லை. பக்கத்துத் தோட்டக்காரரையும் இழந்தார்கள். "இந்த இலை ஏன் சுருளுது அண்ணை?" என்று வேலிக்கு மேலால் கேட்டபோது பதில் சொன்ன அனுபவசாலிகளையும் இழந்தார்கள்.

வலிகாமம் வடக்குக் காணிகளில் ஒரு பகுதி 2015க்குப் பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டது. அதற்குள் 25 ஆண்டுகள் ஓடிவிட்டன. முகாமிலும் வாடகை வீட்டிலும் வளர்ந்த பிள்ளைதான் இன்று குடும்பப் பொறுப்பில் இருக்கிறான். காணி உறுதி அவன் கையில் இருக்கிறது. எந்தக் கிணற்றில் கோடையிலும் நீர் நிற்கும், எந்த நிலத்துக்கு எந்தப் பயிர் ஒத்துவரும் என்று சொல்ல ஆளில்லை. இதே பிள்ளையின் சட்டைப் பையிலுள்ள தொடுதிரைத் தொலைபேசிக்குள், வாய்விட்டுக் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும் கருவி ஒன்று இருக்கிறது. அது அங்கே இருப்பதே அவனுக்குத் தெரியாது.

குரல் உதவியாளர் என்று அழைக்கப்படும் இக்கருவிகளைப் பற்றி விளம்பரங்கள் நிறையச் சொல்கின்றன. அவற்றை நம்மவர்கள் கண்டுபிடிப்பது எப்படி என்ற கேள்வியைத்தான் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

படலையில் ஒரு விலை, பேலியகொடையில் ஒரு விலை

களனி கங்கையைத் தாண்டியதும் கொழும்பின் வடக்கு வாசலாக இருப்பது பேலியகொடை. புறக்கோட்டையில் இருந்த மீன் சந்தை 2011இல் இங்கே வந்தது. 2020 நவம்பரில் மெனிங் சந்தையும் புறக்கோட்டையைவிட்டு இங்கே இடம்மாறியது. இன்று வடக்கு, கிழக்கு, மலையகம் எங்கிருந்து மரக்கறி லொறி கிளம்பினாலும் அதன் பயணம் பெரும்பாலும் தம்புள்ளையில் முடியும், அல்லது பேலியகொடையில் முடியும்.

புளியங்குளத்துப் பக்கம் பச்சைமிளகாய் செய்யும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வியாபாரி படலைக்கு வந்து ஒரு விலை சொல்கிறார். அதை ஏற்பதா மறுப்பதா என்று அந்த இடத்திலேயே முடிவெடுக்க வேண்டும். ஏனென்றால் பிடுங்கிய மிளகாய் காத்திருக்காது. அன்று காலை பேலியகொடையில் என்ன விலை போனது என்று தெரிந்தால், ஏற்றுகூலி, இறக்குகூலி, தரகு, கழிவு எல்லாவற்றையும் கணக்கிட்டு வியாபாரி சொல்வது நியாயமா என்று பார்க்கலாம். தெரியாவிட்டால் அவர் சொன்னதுதான் விலை.

இந்த விலைகள் இரகசியமானவை அல்ல. மத்திய வங்கி நாளாந்த விலை அறிக்கை வெளியிடுகிறது. ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் சந்தை விலைகளைத் திரட்டி வெளியிடுகிறது. அவை இணையத்தில் அட்டவணைகளாகக் கிடக்கின்றன. அட்டவணையைத் தேடி எடுத்து வாசிக்கத் தெரியாதவரும் வாயால் ஒரு கேள்வியைக் கேட்டுவிடலாம். குரல் கருவியின் பெறுமதி இதில்தான் இருக்கிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டிக்கும், மண் ஒட்டிய கையோடு நிற்பவருக்கும், கண்பார்வை குன்றியவருக்கும் அது உதவக்கூடியது.

இன்னொன்றும் உண்டு. பேலியகொடையில் வியாபாரம் பெரும்பாலும் சிங்களத்திலேயே நடக்கிறது. கூகுளின் மொழிபெயர்ப்புச் செயலியில் தமிழும் உண்டு, சிங்களமும் உண்டு. தமிழில் பேசினால் அது சிங்களத்தில் எழுதிக் காட்டும். பிழைகள் வரும். ஆனாலும் கணக்கில் ஒரு சந்தேகம் எழுந்தால், வாய்மூடி நிற்பதைவிடக் கேட்டுவிடுவது மேலானது.

இதற்கு முன்னரும் குரல் இருந்தது

கேள்விக்குக் குரலால் பதில் சொல்லும் சேவை எமது நாட்டுக்குப் புதியதல்ல. மகாவலித் திட்டத்தில் கொத்மலை நீர்த்தேக்கத்துக்காக ஊர்கள் நீரில் மூழ்கியபோது, பெயர்க்கப்பட்ட விவசாயக் குடும்பங்களுக்காக 1980களின் தொடக்கத்தில் மகாவலிச் சமூக வானொலி உருவானது. அந்த வழியில் 1989இல் கொத்மலைச் சமூக வானொலி பிறந்தது. 1990களின் கடைசியில் யுனெஸ்கோவின் துணையோடு அங்கே ஓர் அருமையான முயற்சி நடந்தது. கிராமத்தவர்கள் தமது கேள்விகளைக் கடிதம் மூலமும் தொலைபேசி மூலமும் அனுப்பினார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, விளங்கும் மொழியில் வானொலியிலேயே சொன்னார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. ஒருவர் கேட்ட கேள்வியை ஊர் முழுவதும் கேட்டது. "ஓகோ, இதையும் கேட்கலாமா!" என்று அடுத்த வீட்டுக்காரர் அறிந்துகொண்டார். கேள்வியே விளம்பரமாகியது.

பின்னர் தொலைபேசிச் சேவைகள் வந்தன. 2006இல் தொடங்கிய அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கம் மூன்று மொழிகளிலும் தகவல் தருகிறது. விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவைக்கு 1920 என்ற இலக்கம் உண்டு. 2015இல் டயலொக் நிறுவனம் சிங்களத்தில் 'கொவி மிதுரு' என்றும் தமிழில் 'உழவர் தோழன்' என்றும் ஒரு சேவையை ஆரம்பித்தது. 616ஐ அழைத்துப் பதிந்தவர்களுக்குப் பயிருக்கேற்ற ஆலோசனைகள் குரற் செய்தியாக வந்தன. இவ்விலக்கங்களை மனப்பாடமாக வைத்திருக்கும் குடும்பங்கள் உங்கள் ஊரில் எத்தனை? நல்ல சேவை இருப்பதும், அது இருப்பது மக்களுக்குத் தெரிந்திருப்பதும் இரண்டு வேறு காரியங்கள்.

பெரிய நிறுவனங்களும் முட்டிய சுவர்

இது ஏழை நாட்டின் குறை என்று எண்ணவேண்டாம். அமேசன் நிறுவனம் 2014இல் அலெக்சா என்ற பேசும் கருவியை அறிமுகப்படுத்தியது. வெளியார் எவரும் அதற்குப் புதிய திறன்களைச் செய்து சேர்க்கலாம் என்று வழிவிட்டது. 2019 அளவில் அவ்வாறு சேர்ந்தவை ஓர் இலட்சத்தைத் தாண்டின. ஆனால் வீடுகளில் மக்கள் பெரும்பாலும் பாட்டுக் கேட்டார்கள், காலநிலை கேட்டார்கள், அடுப்பில் வைத்ததற்கு நேரம் குறித்தார்கள். ஒரு திறனை அழைக்க அதன் பெயர் தெரிந்திருக்க வேண்டும். பெயரைச் சரியாக உச்சரிக்கவும் வேண்டும். ஓர் இலட்சம் பெயர்களை எவர் நினைவில் வைத்திருப்பார்? கூகுளின் குரல் உதவியாளரிலும் வெளியார் செய்து சேர்த்த உரையாடல் செயலிகள் இருந்தன. 2023 யூனில் கூகுள் அந்த ஏற்பாட்டை முற்றாக மூடிவிட்டது.

காரணம் எளிதானது. கடைக்குள் நுழைந்தால் தட்டில் இருப்பதைக் கண் பார்க்கிறது. சீனி வாங்கப் போனவர் பருப்பையும் கண்டு வாங்குகிறார். குரல் கருவிக்குத் தட்டு இல்லை, பெயர்ப்பலகை இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல், இருட்டில் நின்று பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டிய கடை அது. இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எதைக் கேட்டாலும் பதில் சொல்ல முயல்கின்றன. கூகுளின் ஜெமினி லைவ் 2024 ஒக்டோபர் முதல் தமிழிலும் உரையாடுகிறது. அப்படியும் இடர்ப்பாடு தீரவில்லை. "எதையும் கேட்கலாம்" என்று சொன்னால், பழக்கமில்லாதவர் எதையும் கேட்கமாட்டார்.

லாகூரின் விளையாட்டும் குஜராத்தின் திண்ணையும்

இந்தச் சுவரைத் தாண்டிய இருவரின் வழி எமக்குப் பயன்படும்.

பாகிஸ்தானின் லாகூரில் ஆய்வாளர்கள் சிலர் 'பொலி' என்ற தொலைபேசிச் சேவையை அமைத்தார்கள். எழுத வாசிக்க அதிகம் தெரியாத தொழிலாளருக்கு வேலைவாய்ப்பு விளம்பரங்களைக் குரலில் சொல்வது அவர்களின் நோக்கம். அதை நேரே சொன்னால் எவர் அழைப்பார்? ஆகவே ஒரு விளையாட்டோடு தொடங்கினார்கள். அழைப்பவர் தன் குரலைப் பதிந்தால் இயந்திரம் அதை வேடிக்கையாக மாற்றும். அதை நண்பருக்கு அனுப்பலாம். பெற்றுக்கொண்ட நண்பரும் சிரித்துவிட்டுத் தானும் அனுப்புவார். அதே அழைப்பில் வேலை விளம்பரங்களையும் கேட்கலாம். 2012இல் ஒருசிலரிடம் மட்டும் கொடுத்துத் தொடங்கிய அச்சேவை ஓராண்டுக்குள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரை எட்டியது. ஆளுக்கு ஆள் கைமாறியே அது பரவியது.

இந்தியாவின் குஜராத்தில் 'அவாஜ் ஒட்லோ' என்ற சேவை நடந்தது. 'குரல் திண்ணை' என்று அதைத் தமிழில் சொல்லலாம். சிறு விவசாயிகள் சாதாரண தொலைபேசியில் அழைத்துத் தம் கேள்வியைப் பதிவார்கள். விவசாய அலுவலரும் பிற விவசாயிகளும் பதில் பதிவார்கள். பழைய வானொலி நிகழ்ச்சிகளையும் கேட்கலாம். 51 விவசாயிகளோடு 7 மாதங்கள் நடத்திப் பார்த்தபோது, வானொலி நிகழ்ச்சிகளைவிடக் கேள்வி பதில் பகுதிக்கே கூடுதலானோர் வந்தார்கள். மற்றவர்களின் கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருப்பதிலேயே பலருக்கு நாட்டம். கொத்மலையில் கண்ட அதே உண்மை இங்கும் தெரிகிறது. அயலவரின் கேள்விதான் எனக்கு என் கேள்வியைக் காட்டித் தருகிறது.

ஏன் நம் கண்ணில் படுவதில்லை?

எமது குடும்பங்களைப் பொறுத்தவரை ஐந்து தடைகளைக் காணலாம்.

முதலாவது, அடையாளம். தொலைபேசியில் எழுதும் விசைப்பலகையின் மூலையில் சிறிய ஒலிவாங்கிப் படம் ஒன்று இருக்கிறது. அதுதான் வாசல். அது என்னவென்று எவரும் சொல்லித் தரவில்லை.

இரண்டாவது, மொழித் தெரிவு. கூகுள் 2017 ஓகஸ்டில் குரலால் எழுதும் வசதிக்குத் தமிழ் உட்பட 30 மொழிகளைச் சேர்த்தது. ஆனால் கடையில் வாங்கும் தொலைபேசி பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தே வருகிறது. அதனிடம் தமிழில் கேட்டால் அது உளறும். "இது எங்களுக்குச் சரிவராது" என்று நாமும் மூடிவிடுகிறோம். அமைப்புகளுக்குள் சென்று, குரல் மொழியாகத் தமிழைத் தெரிவு செய்ய வேண்டும். அங்கே தமிழ் இந்தியா, தமிழ் இலங்கை என்று தனித்தனியே இருக்கும். எமக்குரியது இரண்டாவது.

மூன்றாவது, சொல். இணையத்திலுள்ள தமிழில் பெரும்பங்கு தமிழகத்தில் எழுதப்பட்டது. நாம் பசளை என்போம், அவர்கள் உரம் என்பார்கள். எமது போஞ்சி அங்கே பீன்ஸ். எமது கோவா அங்கே முட்டைக்கோஸ். கச்சானை நிலக்கடலை என்பார்கள். ஒரு சொல்லில் பதில் வராவிட்டால் மற்றச் சொல்லில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நான்காவது, கூச்சம். இயந்திரத்தோடு தனியே பேசுபவரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். இந்தக் கூச்சம் பெண்களிடமும் வயதானவர்களிடமும் கூடுதலாக உண்டு. அதோடு பல வீடுகளில் நல்ல தொலைபேசி ஆண்களின் கையிலேயே இருக்கிறது. வீட்டுத்தோட்டமும் கோழியும் ஆடும் பார்ப்பவர் தாய். கேட்கும் கருவி இருப்பதோ மகனிடம்.

ஐந்தாவது, முதல் ஏமாற்றம். ஒருமுறை கேட்டு விடை கிடைக்காதவர் மறுமுறை கேட்பதில்லை.

நாம் செய்யக்கூடியவை

நிறுவனங்கள் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பின்வருவனவற்றைக் கமக்காரர் அமைப்போ மாதர் சங்கமோ பணச் செலவின்றிச் செய்யலாம்.

ஒன்று, கேள்விப் பலகை. கமநல சேவை நிலையத்திலும் கூட்டுறவுக் கடையிலும் பொதுமண்டபத்திலும் பத்துக் கேள்விகளைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். "மிளகாய் இலை ஏன் சுருளுகிறது?", "சோளத்தில் படைப்புழு வந்தால் முதலில் என்ன செய்வது?", "இன்று பேலியகொடையில் கத்தரிக்காய் என்ன விலை?", "நாளை மழை வருமா?" என்று மக்கள் பேசும் விதமாகவே எழுதுங்கள். சேவையின் பெயரை எழுதுவதைவிடக் கேள்வியை எழுதுவதே பயன் தரும். மாதம் ஒருமுறை பலகையை மாற்றுங்கள். 1919, 1920 இலக்கங்களையும் கீழே எழுதுங்கள்.

இரண்டு, கூடிக் கேட்பது. ஐந்து குடும்பங்கள் ஒரு தொலைபேசியைச் சுற்றி அமர்ந்து, ஒலியைக் கூட்டி வைத்து, முறைக்கு ஒருவராகக் கேளுங்கள். கூச்சம் போய்விடும். ஒருவர் கேள்வி மற்றவருக்குப் பாடமாகும்.

மூன்று, விடை தெரிந்த கேள்வியோடு தொடங்குவது. நீங்கள் நன்றாக அறிந்த பயிரைப் பற்றி முதலில் கேளுங்கள். அது சொல்வது எவ்வளவு சரி, எவ்வளவு பிழை என்று உங்களுக்கே தெரியும். அதன்பின் தெரியாததைக் கேட்கும்போது எவ்வளவு நம்பலாம் என்ற அளவு உங்கள் கையில் இருக்கும்.

நான்கு, வழிகாட்டி. பாடசாலை முடித்த பிள்ளை ஒருவர், மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்து, ஒலிவாங்கிப் படத்தைக் காட்டிவிடுவதை ஊர்ப் பணியாக எடுத்துக்கொள்ளட்டும். ஒரு தொலைபேசிக்குப் பத்து நிமிடம் போதும். தாயின் கையில் கொடுத்து அவரே கேட்கும்வரை அருகில் இருக்க வேண்டும். பிள்ளை கேட்டுச் சொல்வது பழக்கமாகாது.

ஐந்து, சொற்பட்டியல். எமது ஊர்ச் சொல்லையும் தமிழகச் சொல்லையும் அருகருகே எழுதி, தொலைபேசி வைக்கும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.

அளந்து நம்புங்கள்

இக்கருவிகள் தெரியாததையும் தெரிந்ததுபோலச் சொல்லும். இதை மறக்கக்கூடாது. அயலவர் பிழையாகச் சொன்னால் அடுத்த நாளும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும்; கருவிக்கு அந்தக் கடமை இல்லை. பீடைநாசினியின் அளவைக் கருவி சொன்னதை மட்டும் வைத்து ஒருபோதும் கலக்க வேண்டாம். போத்தலில் ஒட்டிய அறிவுறுத்தலையும் விவசாயப் போதனாசிரியரின் சொல்லையும் கேளுங்கள், அல்லது 1920ஐ அழையுங்கள். சந்தை விலையைக் கேட்டால், அது எந்த நாளின் விலை, எங்கிருந்து எடுத்தது என்று மறுகேள்வி கேளுங்கள். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், நட்டஈடு போன்ற விடயங்களில் கருவியிடம் கேட்டு விளக்கம் பெறலாம். முடிவெடுக்குமுன் பிரதேச செயலகத்தையோ சட்ட உதவி ஆணைக்குழுவையோ நாடுங்கள். அடையாள அட்டை இலக்கம், வங்கி இலக்கம், தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கம் எதையும் அதனிடம் சொல்லாதீர்கள்.

கருவி செய்வோருக்கு

எமது மக்களுக்காகக் குரற் சேவை அமைக்கும் நிறுவனங்களுக்கும் அதற்குப் பணம் வழங்கும் அமைப்புகளுக்கும் சில வேண்டுகோள்களை முன்வைக்கலாம்.

சேவைக்கு ஒரு பாட்டி சொல்லக்கூடிய தமிழ்ப் பெயர் வையுங்கள். அழைத்தவுடன் நீண்ட வரவேற்புக் கூறாமல், அந்தப் பருவத்தில் கேட்கக்கூடிய மூன்று கேள்விகளை மட்டும் சொல்லுங்கள். பதில் கூறியபின் அதோடு தொடர்பான இன்னொரு கேள்வியை எடுத்துக்காட்டுங்கள். கதவு கதவாகத் திறக்க அதுவே வழி. விடை தெரியாதபோது தெரியாது என்று சொல்லி, மனிதர் ஒருவரிடம் அழைப்பை மாற்றுங்கள். இணையம் இல்லாத சாதாரண தொலைபேசியிலும் கேட்க வழி செய்யுங்கள். வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் நுவரெலியாவிலும் விவசாயிகள் பேசும் விதத்தைப் பதிந்து, கருவிக்குப் பழக்குங்கள். குஜராத்தில் 2009இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், அன்றைய கருவிகளிடம் பேசியவர்களைவிட இலக்கங்களை அழுத்தியவர்களே எளிதாகக் காரியம் முடித்தார்கள். ஆகவே பேசவும் முடியவேண்டும், அழுத்தவும் முடியவேண்டும்.

விளம்பரத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை வானொலிக்குக் கொடுங்கள். வாரம் ஒருமுறை, அந்த வாரம் விவசாயிகள் கேட்ட கேள்விகளை, பெயர் குறிப்பிடாமல், பதிலோடு ஒலிபரப்பினால் போதும். அடுத்த வாரம் யார் யார் அழைக்கிறார்கள் என்று பாருங்கள்.

காலபோகம் தொடங்குமுன் உங்கள் சங்கத்தின் கூட்டம் ஒன்று எப்படியும் நடக்கும். விதைநெல், பசளை, குளத்து நீர் எல்லாம் பேசப்படும். அந்த நிகழ்ச்சிநிரலில் அரை மணிநேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். வந்தவர்களின் தொலைபேசிகளை மேசையில் வைத்து, மொழியைத் தமிழுக்கு மாற்றி, ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கச் செய்யுங்கள். பெண்களை முதலில் கேட்கவிடுங்கள். கேட்கப்பட்ட கேள்விகளை ஒருவர் கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். பதில் பிழையாக வந்தவற்றைத் தனியே குறித்து விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள். மிகுதியில் நல்ல பத்தைத் தெரிந்து, மறுநாளே கேள்விப் பலகையில் எழுதுங்கள்.